28 பிள்ளைகள், 12 லேப்டாப், ஒரே டீச்சர்

கேள்வி இதுதான். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து ஒரே டீச்சரிடம் 28 பிள்ளைகள். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் 12 லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "இரண்டு வாரமாக வகுப்பு சந்தைக்கடையாக இருக்கிறது. எடுத்துக் கொடுக்கவும் திரும்ப வாங்கி வைக்கவுமே பாதி பீரியட் போய்விடுகிறது. மீதி நேரம் 'டீச்சர், வரல டீச்சர்' என்ற சத்தம். யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

இருக்கிறது, டீச்சர். வேயான் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. எல்லா லேப்டாப்பும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் 12 திரையையும் உங்கள் திரையில் சின்னச் சின்னக் கட்டமாகக் காட்டும், பூட்டவும் செய்யும். ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். நீங்கள் குனிந்து அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில், எதிரில் ஒருவன் சார்ஜர் ஒயரை இன்னொருவன் காலில் சுற்றிக்கொண்டிருப்பான். பெரிய பிள்ளைகளின் கணினி அறைக்கு அது சரி. ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு டீச்சரின் கண்ணும் காலும்தான் வேண்டும். கல்லல், தேவகோட்டைப் பக்கம் 30 வருஷம் தொடக்கப் பள்ளியில் இருந்தவள் நான். கடைசி ஏழு வருஷம் உங்களைப் போலவே நன்கொடை லேப்டாப்புகளோடு மல்லுக்கட்டினேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, மேசைகளைத் திருப்பிப் போடுங்கள். நம் வகுப்பில் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து உட்காருவார்கள், நாம் எதிரில் நிற்போம். லேப்டாப்பைத் திறந்ததும் நமக்குத் தெரிவது 12 மூடிகளின் முதுகு மட்டுந்தான். மூடிக்குப் பின்னால் படம் வரைகிறானா, மூக்கைக் குடைகிறானா, தெரியாது. அதனால் மூன்று சுவரோரமும் 'ப' வடிவில் மேசைகளைப் போட்டு, பிள்ளைகளைச் சுவர் பார்த்து உட்கார வையுங்கள். நீங்கள் நடுவில். நின்ற இடத்தில் ஒரு சுற்றுத் திரும்பினால் எல்லாத் திரையும் தெரியும். பிளக்கும் சுவரில்தான் இருக்கிறது, ஆகவே ஒயர் நடைபாதையில் வராது. இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் பேச வேண்டுமானால் "இந்தப் பக்கம் திரும்பு" என்று சொன்னால் போதும். உடம்போடு திரும்பியவன் கை தானாகக் கீபோர்டை விட்டு வந்துவிடும். என் வகுப்பில் சத்தம் பாதியானது இந்த ஒரு மாற்றத்தால்தான். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. பழைய வீட்டிலோ, அந்தக் காலத்தில் வீட்டு அமைப்பிலேயே கட்டிக்கொடுத்த கட்டடத்திலோ நடக்கிற பள்ளிகள் இங்கே இன்னும் இருக்கின்றன. எங்களுடையது அப்படித்தான். நடுவில் திறந்த வளவு (முற்றம்), சுற்றிலும் தூண். எழுதப் படிக்க அருமையான வெளிச்சம். லேப்டாப்புக்கு அதுவே எதிரி. வளவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த பிள்ளையின் திரையில் 11 மணிக்கு வானம்தான் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி போட வேண்டும், முடியாவிட்டால் இரண்டாம் கட்டுக்குப் போய்விட வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளுகுளுவென்று இருக்கும், பிள்ளைகள் அதில் குப்புறப் படுத்துக்கொண்டு லேப்டாப் பார்க்க ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். கழுத்துக்கும் ஆகாது, அடியில் இருக்கிற காற்றுத் துளையும் அடைத்துக்கொள்ளும். மேசை போதாவிட்டால் தரையில் உட்கார வைத்து, இரண்டு சாப்பாட்டு மணையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன் மேல் லேப்டாப்பை வைத்தால் உயரம் ஓரளவு சரியாக இருக்கும். (காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையிலிருந்து கணக்குப்பிள்ளை சாய்மேசை இரண்டு கொண்டுவந்து போட்டார் எங்கள் பழைய மாணவர் ஒருவர். பார்க்க அழகு. லேப்டாப் சறுக்கிச் சறுக்கி மடியில் வந்து விழுந்தது. இப்போது அதன் மேல் வருகைப் பதிவேடு இருக்கிறது.)

சரி, அடுத்தது எடுத்துக் கொடுப்பது. இதற்கு ஒரு வாரம் லேப்டாப்பே இல்லாமல் பழக்குங்கள். சிரிக்காதீர்கள். ஒவ்வொரு லேப்டாப்புக்கும் 1 முதல் 12 வரை எண் ஒட்டுங்கள். மூடியிலும் சார்ஜரிலும் அதே எண். ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எண், வருஷம் முழுக்க அதே எண். "எனக்கு அந்த நல்லது வேணும் டீச்சர்" என்ற பேச்சு அதோடு போய்விடும். 7ஆம் எண்ணில் ஒரு சாவி கழன்றிருந்தால் யாரிடம் கேட்பது என்பதும் தெரியும். பிறகு அட்டை போட்ட நோட்டை லேப்டாப்பாக வைத்துப் பழக்குங்கள். பீரோவிடம் வருவது, இரண்டு கையால் அடியில் பிடிப்பது, மூடியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்காமல் இருப்பது, நடந்து போவது, வைப்பது, திறப்பது. எதிரில் ஒரு ஆள் வந்தால் யார் நிற்பது என்பதுகூட. கடிகாரம் பார்த்தேன்: முதல் நாள் 11 நிமிடம் ஆனது, இரண்டாவது வாரம் மூன்றே நிமிடம். ஒரு பீரியடில் எட்டு நிமிடம் மிச்சமானால் அது பெரிய சொத்து. மவுஸ், துடைக்கிற துணி, சிவப்புத் துணித் துண்டு ஒன்று (அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்), இவற்றை ஜோடிக்கு ஒரு சின்ன ஓலைக் கொட்டானில் போட்டு வைத்தேன். பிளாஸ்டிக் டப்பாவைவிட அது மலிவு. பின்னத் தெரிந்த ஆத்தாமார் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறார்கள்.

மவுஸ் ஏன் என்றால், நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது போன். அப்பாவோ மாமாவோ வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் நிறைய. வீடியோ காலில் விரலால் தேய்த்துப் பழகிய கை. முதல் நாள் அத்தனை பேரும் லேப்டாப் திரையைக் குத்துவார்கள். டச்பேட் இந்த வயதுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஒயர் மவுஸ் வாங்குங்கள், ஒயர் இல்லாததற்கு பேட்டரி வாங்கி மாளாது.

அடுத்தது 'பாதி மூடி'. எங்கள் வகுப்பில் அதிகம் புழங்கிய இரண்டு சொல் இதுதான். நான் "பாதி மூடி" என்றதும் எல்லாரும் மூடியை விரல் வைக்கிற அளவுக்குச் சாய்க்க வேண்டும், கையை மடியில் வைக்க வேண்டும். முழுதாக மூடச் சொன்னால் லேப்டாப் தூங்கிவிடும். திரும்ப எழுப்பிப் பாஸ்வேர்டு போட்டு எல்லாரும் ஒரு நிலைக்கு வர இரண்டு மூன்று நிமிடம் பாழ். பவர் அமைப்பில் போய் 'மூடினால் எதுவும் செய்யாதே' என்றும் வைக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வகுப்பு முடிந்து மூடி பீரோவில் அடுக்கினால் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், மறுநாள் சுடச்சுட எடுப்பீர்கள். அதனால் எங்களிடம் மூடினால் தூக்கம், பேசும்போது பாதி மூடி, முடிந்ததும் ஷட்டவுன் என்று மூன்றையும் தனித்தனியாக வைத்திருந்தோம். மேசையில் தட்டுவது, விசில், கைதட்டல் எல்லாம் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டு, கடைசி மூடி சாயும் வரை பேசாமல் நில்லுங்கள். ஒரு மூடி நிமிர்ந்திருக்கும்போதே நீங்கள் பேச ஆரம்பித்தால், அன்றோடு அந்தப் பழக்கம் செத்தது.

ஆளுக்கொரு லேப்டாப் இல்லையே என்று உங்களுக்கு வருத்தம் தெரிகிறது. எனக்கு அந்த வருத்தம் இரண்டாம் வருஷத்தில் போய்விட்டது. ஒரு தடவை வருகை குறைந்து ஆளுக்கொன்று கிடைத்த நாளில் கவனித்தேன்: வகுப்பு அமைதியாக இருந்தது, ஆனால் சந்தேகம் எல்லாம் என்னிடமே வந்தது. இருவர் உட்கார்ந்தால் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் சும்மா இரண்டு பேரை உட்கார வைத்தால் பலசாலி மவுஸைப் பிடித்துக்கொள்வான், மற்றது வேடிக்கை பார்க்கும். பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பது பெண் பிள்ளை. அதற்கு நான் வைத்த சட்டம்: ஒருவர் 'கை', ஒருவர் 'வாய்'. மவுஸ் பிடித்தவர் வாய் சொன்னதை மட்டும் செய்யலாம், தானாக எதையும் அழுத்தக் கூடாது. என்ன செய்வது என்று தீர்மானிப்பவர் வாய். அவர் மவுஸைத் தொடக் கூடாது. ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றம். சமையல்கட்டு டைமர் ஒன்று வாங்கி மணி அடிக்க வைத்தேன், நான் கத்துவதைவிட அதற்கு மரியாதை அதிகம். முதல் இரண்டு வாரம் சண்டை வரும். "டீச்சர், நான் இடது பக்கம்னா இவன் வலது பக்கம் போறான் டீச்சர்." வரட்டும். இடது வலது மட்டுமில்லை, 'மேலே மூன்றாவது படம்', 'அதற்கு அடுத்த வரி' என்று சொல்லால் வழிகாட்டப் பழகுவது மொழிப் பாடம்தானே.

28 பேர், 12 லேப்டாப் என்று வகுத்துப் பார்க்காதீர்கள், இரண்டுக்கு மேல் வந்து நான்கு பேர் அந்தரத்தில் நிற்பார்கள். வகுப்பை 14, 14 என்று பிரியுங்கள். ஒரு பாதிக்கு ஏழு லேப்டாப். மீதி ஐந்தை வெளியே எடுக்கவே வேண்டாம். ஏழில் ஒன்று மக்கர் செய்யும், நிச்சயம் செய்யும், அப்போது ஐந்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். வகுப்பு நடுவில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற டீச்சரிடம் வகுப்பு நிற்காது. மற்ற 14 பேர் அதே நேரத்தில் உங்களோடு வாசிப்போ கணக்கோ செய்யட்டும். நடுப் பீரியடில் மாற்றிக்கொள்ளலாம், அல்லது ஒரு நாள் இவர்கள் மறுநாள் அவர்கள். இதற்கு ஒரே நிபந்தனை, லேப்டாப் பக்கம் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைதான் கொடுக்க வேண்டும். புதிதாக எதைக் காட்டுவதானாலும் 28 பேரையும் தரையில் உட்கார வைத்து ஒரே லேப்டாப்பில் காட்டுங்கள். புது வேலையும் பாதி வகுப்பும் சேர்ந்தால் உங்களை இரண்டு துண்டாக்கிவிடும்.

இப்போது அந்த "வரல டீச்சர்". ஏழு ஜோடியும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் நீங்கள் பம்பரமாகச் சுற்றுவீர்கள், கடைசியில் நிற்கிற ஜோடி பத்து நிமிடம் சும்மா இருக்கும், சும்மா இருக்கிற ஜோடியிடம்தான் வம்பு பிறக்கும். அதனால் வரிசை ஒன்று வைத்தேன். முதலில் பக்கத்து ஜோடியைக் கேள். அப்புறம் பெட்டியடியைக் கேள். அதற்கும் முடியாவிட்டால் கொட்டானில் இருக்கிற சிவப்புத் துணியை மூடிமேல் போட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார். கை தூக்க வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம், நான் துணியைப் பார்த்து வருவேன். பெட்டியடி என்றால் வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பர்மா, மலேயாவில் நம் ஊர் நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் மேலாள், அடுத்தாள், அதற்குக் கீழே பெட்டியடிப் பையன் என்று வரிசை இருந்தது. சின்ன வயதில் போய்ப் பெட்டியருகே உட்கார்ந்து எடுபிடி பார்த்தே தொழில் படித்தார்கள். நம் பிள்ளைகளின் பாட்டன் கதை என்பதால் அந்தப் பெயர் வகுப்பில் சட்டென்று ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு தவணை ('கணக்கு' என்பார்கள்) மூன்று வருஷம், இங்கே உதவிக்கு நிற்கிற பிள்ளைக்கு ஒரு வாரம். வாராவாரம் மாற்ற வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. எங்கள் வகுப்பில் மிகச் சிறந்த பெட்டியடி, வாசிப்பில் கடைசியில் இருந்த ஒரு பையன். எந்த லேப்டாப்பில் எந்த மவுஸ் இழுக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

இதுவொன்றும் புதுசு இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை செய்தது இதைத்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து, பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கிற முறையைத் தன் பள்ளியில் வளர்த்தெடுத்து 1797இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். அங்கே அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் வந்தது. அதனால் பயிற்சி வகுப்பில் யாராவது 'சகமாணவர் கற்றல்' என்று புதுக் கண்டுபிடிப்பாகச் சொன்னால் தைரியமாகச் சிரிக்கலாம்.

பெட்டியடிக்கும் எனக்கும் பொதுவான சட்டம் ஒன்று: அடுத்தவர் மவுஸைத் தொடக் கூடாது. நாம் போய்ப் பட்டென்று இரண்டு கிளிக் செய்து சரிசெய்துவிட்டால் பிள்ளைக்கு அது மந்திரம், மறுபடி அதே இடத்தில் கூப்பிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லுங்கள். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, இன்றைக்கும் பேரனிடம் தோற்றுவிடுகிறேன்.

சேட்டைகள் வரும், முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பதறாமல் இருக்கலாம். சில லேப்டாப்புகளில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்தினால் திரை தலைகீழாகும். ஒருவன் கண்டுபிடித்தால் மறுநாள் ஏழும் தலைகீழ். மேல் அம்பை அழுத்தினால் நேராகிவிடும். திட்டாமல் அதை எல்லாருக்கும் காட்டிக் கொடுத்துவிடுங்கள், இரண்டு நாளில் சலித்துவிடும். சத்தத்தை உச்சத்தில் வைப்பது, வால்பேப்பரை மாற்றுவது, கேப்ஸ் லாக் போட்டுவிட்டுப் பாஸ்வேர்டு தப்பு என்று அழுவது, இவை தினப்படி. பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று போட்டு, அதற்கு எல்லா லேப்டாப்பிலும் ஒரே பாஸ்வேர்டு வையுங்கள். நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு உங்களிடமும் எச்.எம்.மிடமும் மட்டும் இருக்கட்டும். அது போதும், இதில் மூளையைச் செலவழிக்க வேண்டாம்.

இன்டர்நெட்டா? முதல் பருவம் முழுக்க வேண்டவே வேண்டாம். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்ட நிமிடமே ஏழு விண்டோஸும் அப்டேட் இறக்க ஆரம்பிக்கும், அன்றைய டேட்டா பத்து நிமிடத்தில் காலி. திறந்தே ஆக வேண்டுமானால் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' (டேட்டா அளவு உள்ளது) என்று குறித்துவிடுங்கள், பெரும்பாலான அப்டேட் நிற்கும். ஆனால் இந்த வயதுக்கு நெட் இல்லாமலே ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கிறது. ஜிகாம்ப்ரி (கற்றல் விளையாட்டுகள்), டக்ஸ் பெயின்ட் (படம் வரைய) இரண்டும் இலவசம், பென்டிரைவில் கொண்டுவந்து போடலாம், நெட் தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாட வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் லேப்டாப்பில் போடாமல், நீங்கள் ஒரே திரையில் காட்டுங்கள். 14 பேர் ஏழு திரையில் ஒரே வீடியோவை ஏழு விதமான வேகத்தில் கேட்பது போன்ற இம்சை வேறு இல்லை.

வேலை என்று நான் கொடுத்ததில் நன்றாக ஓடியது தமிழ் தட்டச்சு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் வந்த தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக் கொடுங்கள். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு, புள்ளி தானாக வந்துவிடும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவது கண்ணெதிரே நடக்கிறது. மூன்றாம் வகுப்பில் புரியாமல் தாண்டிவந்த பிள்ளைகள் சிலருக்கு அங்கேதான் அது புரிந்தது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைக்கிற முறையை இந்த வயதில் காட்டாதீர்கள். 'மீ'க்கு ஒரு e-யா இரண்டு e-யா என்ற குழப்பத்தில் இரண்டு மொழியும் கெடும். சே, பாருங்கள், எனக்கே ஆங்கில எழுத்து வந்துவிட்டது.

இன்னொன்று ஊரணி. நோட்டோடு ஊரணிக்குப் போய்ப் படிகளை எண்ணி, யார் வெட்டினது என்று கல்வெட்டோ பெரியவர்களோ சொல்வதைக் குறித்துக்கொண்டு வருவது. மறுநாள் ஜோடிக்கு நான்கு வாக்கியம் அடிப்பது, ஒரு படம் வரைவது. நான்குதான். பத்து என்றால் ஐந்தோடு அலுத்துவிடுவார்கள். கவனித்தீர்களா, வேலையில் முக்கால்வாசி லேப்டாப்புக்கு வெளியே இருக்கிறது. கையில் விஷயம் இல்லாமல் லேப்டாப் முன் உட்கார்ந்த பிள்ளைதான் எழுத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கும். பெரு நாட்டில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு லேப்டாப் கொடுத்துவிட்டு 319 பள்ளிகளில் ஆராய்ந்தார்கள். 2012இல் வந்த முடிவு, 15 மாதம் கழித்தும் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்பது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

நேரம்: ஒரு அமர்வு 30 நிமிடம், வாரம் மூன்று நாள். 2020 ஜூலையில் ஒன்றிய அரசு 'பிரக்யதா' என்று இணைய வகுப்புக்கு வெளியிட்ட நெறிமுறைகூட 1 முதல் 8 வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட அமர்வு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றது. அதுவே கொரோனா காலத்து நெருக்கடிக்கு. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு லேப்டாப் கேட்டு எச்.எம். வற்புறுத்தினால் பணிவாக மறுத்துவிடுங்கள், அந்தக் கைக்கு இன்னும் பென்சில் பழக வேண்டும். டைமர் மணி அடிக்கும்போதெல்லாம் வளவு வழியே தெரிகிற தூரத்துத் தென்னையைப் பார்க்கச் சொல்வேன். கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தை 20 விநாடி பார் என்பார்கள், எங்களுக்கு ஏழு நிமிடத்துக்கு ஒரு தென்னை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. லேப்டாப்பைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்காதீர்கள். "முதலில் முடித்தவர்களுக்கு லேப்டாப்" என்று நானும் ஒரு வருஷம் செய்தேன். தினமும் அதே ஆறு பேர் முதலில் முடித்தார்கள். வாசிக்கவே திணறுகிற பிள்ளை வருஷம் முழுக்க கீபோர்டைத் தொடவில்லை. என் தப்புதான், நினைத்தால் இப்போதும் வெட்கம். சேட்டை செய்த பிள்ளைக்கு அன்று 'கை' வேலை கிடையாது, 'வாய்' மட்டும். அதற்கு மேல் தண்டனை தேவைப்பட்டதில்லை.

கரண்ட் பற்றிக் கொஞ்சம். சார்ஜர் ஒன்று 65 வாட் என்றால் 12க்கும் சேர்த்து 780 வாட். 6 ஆம்ப் பிளக் 1380 வாட் வரை தாங்கும், கணக்குப்படி சரிதான். ஆனால் பழைய வீட்டு ஒயரிங்கும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகுவதும் கணக்கில் வராது. ஆறு ஆறாகப் போடுங்கள், ஆள் இருக்கும்போது போடுங்கள், இரவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள், முந்தின நாளே சார்ஜ் போட்டால் அன்றும் வகுப்பு நடக்கும். மே விடுமுறைக்குப் பூட்டும்போது பேட்டரி முழுதாகவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம், பாதி இருக்கட்டும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால், மூடி சரியாக மூடாவிட்டால், பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அந்த லேப்டாப்பை உடனே அணைத்துத் தனியே வையுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். நம் ஊர்ச் செம்மண் புழுதிக்கு வாரம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் காற்றுத் துளையைத் தட்டுவது பெட்டியடி வேலை.

பெற்றோர் இரண்டு வகை. "கேம் விளையாடத்தானே" என்பவர்கள் ஒன்று. அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பைப் பீரோவில் பொட்டு வைத்துப் பூட்டியிருப்பவர்கள் இன்னொன்று. இருவருக்கும் எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தில் விளக்கிப் பயனில்லை. பிள்ளைகளை விட்டுச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, தை மாதம் நன்கொடையாளர் தாயாரோடு வருகிறார், ஒவ்வொரு பிள்ளை முன்னும் ஒரு லேப்டாப் இருக்கிற மாதிரி போட்டோ கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 12ஐ வைத்து 28 பேருக்கு எப்படி என்று அவரே எண்ணிப் பார்க்கவில்லை போல. போட்டோவுக்காக வகுப்பைக் கலைக்காதீர்கள். சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளர் 1999இல் டெல்லியில் சுவரில் கணினியைப் பதித்துப் பிள்ளைகளைத் தாமாகப் படிக்க விட்டார். அவர் முடிவுகளில் எனக்குப் பல சந்தேகம் உண்டு. ஆனால் பிற்பாடு தமிழ் பேசும் கிராமம் ஒன்றில் அவர் செய்த சோதனையில், பாடம் தெரியாத ஒருவர் பின்னால் நின்று பாட்டி மாதிரி "அட, இதை எப்படிச் செஞ்சே?" என்று வியந்துகொண்டிருந்தால் போதும், பிள்ளைகள் இன்னும் நன்றாகச் செய்தார்கள் என்பதை மட்டும் நம்புகிறேன், என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே நன்கொடையாளரின் தாயாரான ஆச்சியை ஒரு ஜோடியின் நடுவில் உட்கார வையுங்கள். ஆச்சி கை, பிள்ளை வாய். 'ஆச்சி' என்று அடிக்க ஆ, ச, ச, இ, நான்கே தட்டு. பிள்ளை மவுஸைப் பிடுங்காமல் சொல்லிக்கொடுத்து அந்தச் சொல் திரையில் வருகிற நேரத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு "பாதி மூடி" சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவன்கூட கேமராவைப் பார்க்க மாட்டான்.